வெற்று எடை

மணலி எடைமேடைப் பையன் கேட்டான்,
"வெறும் வண்டி எவ்ளோ?"
வெறும் வண்டி என்று ஒன்று இல்லை.
நாலு வருஷமாய் முதுகில் டீசல் பம்ப்செட்,
எட்டு போல்ட்டில் இறுக்கியது,
ஒரு மழைக்கு மட்டும் என்று ஏற்றி
இறக்காமலே விட்டது.
"அப்ப கோடு போட்டுக்கறேன்."
சீட்டில் வெற்று எடைக்கு நேரே ஒரு கோடு.
மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது.

பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது வண்டி.
வேகத்தடை தோறும் அச்சில் ரப்பர் இடிக்கும்,
எனக்கு அது கடைவாய்ப் பல்லில் கேட்கும்.
மூக்கு மேலே தூக்கியதால்
முகப்பு விளக்குக்கு ரோடு தெரியாது.
போன ஐப்பசியில் வேளச்சேரியில்
அடித்தளத்துத் தண்ணீரை இறைக்கப் போன நடுராத்திரி
இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.
"எந்த மூதேவிடா மூஞ்சில அடிக்கறது?"
அவர் பனியனில் இருந்த ஓட்டை வரைக்கும் தெரிந்தது.
முன் சக்கரம் இறங்கிய பள்ளம்
தெரியவில்லை.

உயரம்தான் வேண்டும் என்று நினைத்தேன்.
முழங்கால் தண்ணீரிலும் சைலன்சர் நனையாத உயரம்.
புதுப்பேட்டையில் ஒருத்தன் அலுமினியக் கட்டை காட்டினான்.
பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் சொருகினால்
நாலு அங்குலம், அரை நாள் வேலை,
காசும் கம்மி.
பூங்காவனம் கட்டையைக் கையில் வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கோயம்பேட்டில் ஆறு வருஷம் கூடை சுமந்தவள்.
"ஹீல்ஸ் செருப்பு போட்டுக்கினா
தலைச்சுமை கொறையுமாண்ணே?"
கடைக்காரன் கட்டையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டான்.

பாடியில், பட்டை அடிக்கும் ஜெகபர்
வண்டியைப் பார்க்கவே இல்லை. சீட்டைக் கேட்டார்.
கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார்,
கரி ஒட்டிக்கொண்டது.
"காலைல ஏத்தி சாயங்காலம் எறக்கறான் பாரு,
அவனுக்குப் பட்டை அமைக்கறதுதான் ரோதனை.
ஏத்தினா இடிக்கும், எறக்கினா குதிக்கும்.
உனக்கு ஒரே கனம். நிம்மதி."
என்னிடம் அந்தச் சொல்லை
யாரும் சொல்லி நாளாகிவிட்டது.

காற்றுப்பை போடலாமா என்றேன்.
"ஒரு ஆணி போதும்."
மேலே ஒரு உதவிப் பட்டை?
"எப்பவாவது வர்ற கனத்துக்கு அது."
நாலு அங்குலம்?
"ரெண்டு. அதுக்கு மேல போனா
பிரேக் ஹோஸ் இழுத்துக்கும். அப்புறம் தண்ணில
நீ நிக்க நெனச்சாலும் அது நிக்காது."

பம்பை இறக்கட்டுமா என்று ஸ்பேனர் எடுத்தேன்.
கையைத் தட்டிவிட்டார்.
"எறக்கி அளந்தா வண்டி பொய் சொல்லும்."
டீசல் ரொப்பச் சொன்னார், ஹோஸ் சுருளை ஏற்றச் சொன்னார்,
என்னை சீட்டில் உட்காரச் சொன்னார்,
பூங்காவனத்தையும்.
சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்து
சாக்பீஸால் பலகையில் எழுதினார்.
நாங்கள் உள்ளே மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தோம்,
போட்டோ எடுப்பது போல.

இருபத்திரண்டாயிரம். பாதி பொங்கலுக்குப் பிறகு.

மூன்றாம் நாள் இருட்டியதும் எடுத்து வந்தேன்.
ததும்பாமல் எடுத்து வந்த சொம்பு மாதிரி
சமமாக நின்றது வண்டி.
விளக்கு ரோட்டில் விழுந்தது.
பாடி மேம்பாலம் இறங்கியதும்
மூடியில்லாத ஒரு குழியைப் பார்த்தேன்,
உள்ளே யாரோ நட்டு வைத்த வேப்பங்கிளை.
நாலு வருஷமாய் அந்த வழியில்தான் போகிறேன்.

தை மாசம் பேரிங் போய்
பம்பை அம்பத்தூரில் இறக்க வேண்டி வந்தது.
எட்டு போல்ட்டும் கழன்றதும்
வண்டியின் பின்பக்கம் எழும்பியது,
வெட்டுக்கிளி மாதிரி.
திரும்பி வரும்போது சின்னக் கல்லுக்கும் துள்ளியது.
டீ ஃபிளாஸ்க் உருண்டது, பிள்ளையார் பெயர்ந்து விழுந்தார்,
விளக்கு மூக்குக்குக் கீழேயே மண்ணை மோந்துகொண்டு வந்தது.
கனம் இல்லாமல் ஓட்டத் தெரியவில்லை எனக்கு.
ஓரம் கட்டினேன்.

பூங்காவனம் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்
பின்னால் ஏறி
போல்ட் ஓட்டைகளுக்கு நடுவில்
சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.
ஐம்பத்தெட்டு கிலோ.
"இப்ப ஓட்டு" என்றாள்.

போதவில்லை.
ஓட்டினேன்.